எக்ஸ்ரேயம்மாவும் எங்க ஊர்க் கருடனும்

வானத்தில் பருந்து போனால் எனக்கு அது பருந்து, கழுகு போனால் கழுகு. கோழிக்குஞ்சைத் தூக்கினால் வைவேன். கோயிலுக்கு மேலே வட்டம் போட்டால் கும்பிடுவேன். அதுக்கு மேல் அதனிடம் எனக்கு என்ன சோலி? அந்த அம்மாவுக்கு அப்படி இல்லை. தலைக்கு மேலே ஒரு நிழல் போனால் போதும், சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடுவாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "இது காட்டுலயே பொறந்ததா, யாரும் வளத்து விட்டதாக்கா?" என்று என்னைக் கேட்பாள். அந்தப் பறவை ரேஷன் கார்டைக் காலில் கட்டிக்கொண்டா பறக்கிறது, நான் பார்த்துச் சொல்வதற்கு?

பெயரைச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரேயம்மா என்றால்தான் தெரியும். கீழே சமவெளியில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். ஆயுசு பூராவும் அடுத்தவர் எலும்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கே கீறல், எங்கே முறிவு என்று தேடினவளுக்கு, முழுசாக இருக்கிற எதைப் பார்த்தாலும் சந்தேகம். எதிரில் ஒருத்தர் சிரித்தால்கூட உள்ளே எங்கே விரிசல் என்றுதான் பார்ப்பாள்.

முதல் நாள் வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெருமாள்மலையில் பஸ் மாறி வந்திருக்கிறாள். ஆளைவிடப் பெரிய பை. சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் குரங்குக் குல்லா, காலில் ரப்பர் பூட்ஸ். எங்கள் வீடு ஊர்க் கடைசி. அதைத் தாண்டினால் பூண்டுக் காடு படிப்படியாக இறங்கும், அப்புறம் ஒரு பாறை, அதுக்கு அங்கிட்டு ஒரே பள்ளம். பள்ளத்துக் காற்றில் கழுகு ஏறி வரும் என்று யாரோ சொல்லி வந்திருக்கிறாள்.

"மேல ரூம் வாடகைக்கு இருக்காக்கா?"

"இருக்கு."

"ஊருக்குள்ள யாரும் பருந்து, கழுகு, ராசாளி ஏதாச்சும் புடிச்சு வளக்குறாங்களா?"

"கோழி வளக்கோம், மாடு வளக்கோம். பருந்துல பாலா கறக்க முடியும்?"

அவள் சிரிக்கவில்லை. "வளக்கலயே, அது போதும்" என்று பையை இறக்கினாள். அன்றைக்கே எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசம் வைத்தேன். நாலு பூண்டைத் தட்டிப் போட்டிருந்தேன். ஒரு பல்லைத் தட்டிலிருந்து எடுத்து விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது மலைப்பூண்டுதானாக்கா?" என்றாள். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"தாயீ, எங்க மாமனாருக்கு மாமனார் காலத்துலருந்து இந்த மண்ணுல பூண்டு போடுறோம். வடுகபட்டிச் சந்தையில எங்க வீட்டு மூட்டைய அவுக்காமலே வாங்குவான். எங்கிட்ட வந்து மலைப்பூண்டான்னு கேக்கீங்களே!"

"கோவிக்காதீங்க. இப்பச் சீனாப் பூண்டெல்லாம் கலக்குறாங்கல்ல."

"சீனாக்காரன் என் அடுப்படி வரைக்கும் இன்னும் வந்து சேரல. வந்தாச் சொல்லி அனுப்புறேன்."

அப்போதும் சிரிக்கவில்லை. "சரிக்கா" என்று ரசத்தை இன்னொரு தரம் வாங்கிக் குடித்தாள். நல்ல ரசனை இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

பனிக்காலம் கழிந்து வானம் வெளுத்ததும் வருசா வருசம் வருவாள். வெள்ளனே எழுந்து, வரக்காப்பியைக் குடித்துவிட்டுப் பாறைக்குப் போய் உட்காருவாள். பீரங்கி மாதிரி ஒரு கேமரா. அதன் மேல் ஒரு பழைய ரெயின்கோட்டுத் துணி. மூடுபனி வந்து பாறையையும் அவளையும் சேர்த்து மூடும். விலகும்போது பார்த்தால் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருப்பாள். பொழுது சாயத் திரும்பி வந்து, "ஒண்ணும் கெடைக்கலக்கா" என்பாள். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது. அதுதான் எனக்கு எரிச்சல். நாள் பூராவும் களை எடுத்துவிட்டு ஒரு களையும் பிடுங்கவில்லை என்று ஒருத்தி சந்தோசமாக வீடு திரும்பினால் நமக்கு எப்படி இருக்கும்?

எனக்குக் கண்ணில் புரை விழுந்திருந்த சமயம், கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு அவளைத் துணைக்குக் கூட்டிப் போனேன். திரும்புவதற்கு முன்னால் வட்டக்கானலில் ஒரு விடுதிக்காரர் வீட்டில் நுழைந்தோம். நல்ல மனுசன். அவரிடம் அறை நிறைந்துவிட்டால் மிச்ச ஆட்களை எங்கள் வீட்டு மாடிக்கு அனுப்பிவைப்பார். டீ கொடுத்தார். உட்கார்ந்த இடத்துக்கு எதிரே சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு கழுகுப் படம். என் புரைக் கண்ணுக்கே ஒவ்வொரு இறகும் எண்ணுகிற மாதிரி இருந்தது. நானே வாயைப் பிளந்துவிட்டேன்.

"நம்ம பாறையில நின்னு நானே எடுத்தது" என்றார் அவர். டீ குடித்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் எல்லாம் "ஆகா" என்றார்கள்.

இவள் எழுந்து போனாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று பார்த்தாள். நான் உள்ளுக்குள்ளேயே, "ஆத்தா, வாயத் தொறக்காத, வாயத் தொறக்காத" என்று வேண்டிக்கொண்டேன்.

"தம்பி, இது கட்டிப்போட்ட பறவை."

டீ குடித்த சத்தம் நின்றுவிட்டது.

"என்னம்மா சொல்றீங்க?"

"வால் நுனியப் பாருங்க. தேஞ்ச வெளக்குமாறு மாதிரி இருக்கு. கம்பிக் கூண்டுல உரசி உரசித்தான் இப்படி ஆகும். கணுக்கால்ல சுத்தி மயிரு இல்ல, கயிறு அறுத்த எடம். அலகு வளந்து வளைஞ்சு கெடக்கு. காட்டுல எலும்பக் கடிச்சுத் திங்கிறதுக்கு அலகு தானாத் தேஞ்சிரும்."

"அது... வயசான கழுகும்மா."

"வயசான கழுகும் ஆளைக் கண்டா பறந்து போற பாதையத்தான் பாக்கும். இது படம் எடுத்தவரு கையப் பாக்குது. கையில கறி இருக்கான்னு பாக்குது."

அந்த மனுசன் முகம் கறுத்துவிட்டது. அன்றோடு எங்கள் மாடிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார். செண்பகனூர் தாண்டுகிற வரைக்கும் நான் அவளிடம் பேசவில்லை. அப்புறம் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"பொய்யாவே இருக்கட்டும். சுவத்துல தொங்குற படம் ஒங்களக் கடிச்சுச்சா?"

"அந்தப் படத்தப் பாக்குற நாலு பேரு எனக்கும் இது மாதிரி கிட்டத்துல வேணும்பான். கேக்குறவன் இருந்தா, அவனுக்குன்னே ஒருத்தன் புடிச்சுக் கட்டிப் போடுவான். காசு வாங்கிட்டு, இந்தா எடுத்துக்கோம்பான். எல்லாம் அந்தச் சுவத்துலருந்துதாக்கா ஆரம்பிக்குது."

பதில் சொல்லியிருப்பேன். பஸ் வளைவில் திரும்பிற்று, எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். குடுமிக் கழுகு என்று ஒன்று இருக்கிறது. தலையில் கொண்டை சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அது வேண்டும், அது வேண்டும் என்று இரண்டு பருவமாக அந்தப் பாறையில் தவம் கிடந்தாள். பார்க்கிற எனக்கே பாவமாக இருந்தது. வீட்டில் கால் நொண்டுகிற கோழி ஒன்று, முட்டையும் இல்லை, குழம்புக்கும் ஆகாது. அவள் உட்காருகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, புல்லுக்குள் ஒரு கல்லில் அதைக் கட்டிவைத்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்கிறவர்கள் தண்டோராவா போடுவார்கள்?

கழுகு வந்துவிட்டது. அவள் ஓடி வந்த ஓட்டத்தை இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. பூட்ஸ் ஒன்று கழன்று பூண்டுக் காட்டிலேயே கிடந்தது. "அக்கா! கெடச்சிருச்சுக்கா! எறங்கி எடுத்துச்சு, அப்படியே எடுத்துட்டேன்!" என்று என்னைக் கட்டிப் பிடித்தாள். கேமராவின் பின்பக்கத்தில் காட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, சாமி இறங்கின மாதிரி இருந்தது. இறக்கையை விரித்து, கொண்டை சிலிர்த்து, நகத்தில் என் கோழியைப் பிடித்துக்கொண்டு.

படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள். ஒரு இடத்தில் கை நின்றது.

"கோழி கால்ல என்னக்கா கயிறு?"

நான் அடுப்பைப் பார்த்தேன்.

"நீங்க கட்டுனீங்களா?"

"ஒங்களுக்காகத்தான்."

ஒரு வார்த்தை வையவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினாள், அழுத்தினாள், அழுத்திக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். என் கோழியும் போச்சு, போட்டோவும் போச்சு. "ஏம்மா, கழுகு காட்டுக் கழுகுதான? கோழிதான வீட்டுக் கோழி?" என்று கேட்டேன். "கழுகு காட்டுதுதான். வந்தது அதா வரலயே" என்றாள். இந்த மாதிரி ஒருத்தியோடு எந்தப் புருசன் குடித்தனம் பண்ணியிருப்பான்? ஆனால் பண்ணியிருக்கிறான். நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தானாம், அவளே சொன்னாள்.

இனி கருடன் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊர் முருகன் கோயிலில் முதல் மரியாதை எங்களுக்கு. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர், அவருக்குப் பிறகு என் கொழுந்தன். கமிட்டித் தலைவரும் அவர்தான். எந்தச் சாமிக்குக் கும்பாபிஷேகம் என்றாலும், கலசத்தில் தண்ணீர் விடுகிற நேரத்தில் மேலே கருடன் வந்து வட்டமிட வேண்டும். வந்தால்தான் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். போன தடவை, அவர் இருந்தபோது, கருடன் வரவில்லை. எங்கேயிருந்து வரும்? கோபுரமே தெரியாத அளவுக்கு மூடுபனி. அந்த வருசம் ஆலங்கட்டி மழை விழுந்து பூண்டு அழுகிவிட்டது. மரியாதை வாங்குகிற கையில் குறை இருக்கிறது என்று ஊர் பேசிற்று. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்தால், "பனிமூட்டத்துக்குக் கும்பாபிஷேகம் பண்ணவங்க" என்பார்கள். அவர் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டேதான் செத்தார்.

அதனால் இந்தத் தடவை ஊரே மேலே பார்த்துக்கொண்டு நின்றது. வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. எக்ஸ்ரேயம்மாவும் கேமராவோடு எங்கள் மொட்டை மாடியில் நின்றாள். கருடன் வந்தால் ஒரு படம் எடுத்துக் கொடுங்கள், கோயில் மண்டபத்தில் மாட்ட வேண்டும் என்று கொழுந்தன் அவளிடம் முதல்நாளே சொல்லிவைத்திருந்தார். ஐயர் தண்ணீரை விட்டார். மேளம் கொட்டிற்று. கோயிலுக்குப் பின்பக்கமிருந்து, செங்கல் நிறத்தில், நெஞ்சு வெளுத்து, ஒரு கருடன் எழும்பிற்று. ஒரு வட்டம். "அரோகரா" என்று கூப்பிட்ட சத்தத்தில் மலை அதிர்ந்தது. நான் அழுதுவிட்டேன். அவர் இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று.

இரண்டாவது வட்டம் முழுசாகவில்லை. கருடன் ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து இறங்கி, ஒலிபெருக்கிக் குழாய் மேல் உட்கார்ந்தது. அப்புறம் அன்னதானப் பந்தலுக்குள் போயிற்று. அங்கே ஜனம் கும்பிட்டு விழுந்து கூச்சல் போடவும், மிரண்டு பறந்து, தாழப் பறந்து, எங்கள் வீட்டுப் பூண்டுச் செட்டுக்குள் நுழைந்துவிட்டது. பூண்டைக் கட்டிப் புகை போடுகிற கொட்டகை. ஊரே சூடத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. "பெரியவர் வீட்டுக்கே கருடன் வந்துட்டாரு!" என்று கிழவிகள் என் காலில் விழப் பார்த்தார்கள். வேண்டாம் என்றேன், ஆனால் நகர்ந்து நிற்கவில்லை.

அப்போது மாடிப்படியில் அந்தப் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க."

"இப்ப என்ன?"

"வாங்களேன்."

செட்டுக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். கேமராவை நீட்டினாள். நான் பார்க்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் விடவில்லை.

"இது வளத்ததுக்கா. வால் நுனி பூரா தேஞ்சிருக்கு. நெஞ்சு அழுக்கேறிப் போச்சு. வலது எறக்கையில நாலு எறகு வெட்டி, பாதிதான் மொளச்சிருக்கு. அதான் சாஞ்சு சாஞ்சு பறக்குது."

"வாய மூடு." அதுவரைக்கும் அவளை நீ என்று சொன்னதில்லை. "வெளிய நிக்கிறது என் ஊரு. இன்னைக்கு ஒருநா ஒன் எக்ஸ்ரேய எடுத்து மூட்டை கட்டி வையி."

"நான் ஊருக்குச் சொல்லலக்கா. ஒங்களுக்குத்தான் சொல்றேன். இதுக்கு எரை தேடத் தெரியாது. பட்டினி போட்டிருக்காங்க. இந்தக் குளிர் இதுக்குப் பழக்கமும் இல்ல. இப்படியே விட்டா ரெண்டு நாள் தாங்காது."

சமையல் பந்தலில் கறி ஏது, கும்பாபிஷேகச் சாப்பாடு. எங்கிருந்தோ ஒரு முட்டை வாங்கி வந்திருந்தாள். உடைத்து உள்ளங்கையில் ஊற்றி, உத்திரத்தில் உட்கார்ந்திருந்த கருடனுக்கு முன்னால் நீட்டினாள். நான் இத்தனை வருசம் எத்தனை பருந்தை விரட்டியிருக்கிறேன். ஒன்றுகூட இரண்டு பனை உயரத்துக்குக் கீழே நின்றதில்லை. இந்தக் கருடன் கோழிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டு நகர்ந்து நகர்ந்து வந்தது. எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் கையைப் பார்த்தது. முட்டை தீர்ந்ததும் என் கையைப் பார்த்தது. என் கையில் ஒன்றும் இல்லை. அப்படியும் பார்த்துக்கொண்டே இருந்தது.

கொழுந்தனைப் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டேன்.

"தம்பி, என்னயப் பாத்துச் சொல்லுங்க. இது எங்கருந்து வந்துச்சு?"

தோள்துண்டை முறுக்கினார். "மதினி... பீன்ஸ் ஏத்திட்டுக் கீழ போன வண்டியில, காய்கறிப் பெட்டியில வச்சுக் கொண்டாரச் சொன்னேன். அண்ணனுக்கு வந்த பேரு எனக்கும் வரணுமா? நீங்களே சொல்லுங்க."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தப் பொம்பளைமேல்தான் வந்தது. அவள் வராதிருந்தால் இது எனக்குக் கருடன். நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டு ஒரு வாய் பொங்கல் சாப்பிட்டிருப்பேன்.

ஆனாலும் வாசலுக்குப் போய் நான்தான் சொன்னேன். "வந்த கருடனுக்கு ஒடம்புக்கு முடியல. நம்ம வீட்டுக்கு வைத்தியம் கேட்டு வந்திருக்காரு. காட்டிலாகா டாக்டர்கிட்டக் கொண்டுபோறோம். வழி விடுங்க." நான் சொன்னால் ஊர் கேட்கும். கும்பிட்டுக்கொண்டே வழி விட்டார்கள். கொழுந்தன் மானம் தப்பிற்று, பறவையும் தப்பிற்று. இதைவிட நன்றாக யாரும் செய்திருக்க முடியாது.

அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் போகிறபோது அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். "பூண்டுச் செட்டுக்குள்ள வந்து கெடந்துச்சு. அம்புட்டுத்தான் நம்ம சொல்றது. அது பொய்யில்ல."

"பொய்யில்லதான்" என்றாள். நானும் நம்பினேன்.

காட்டிலாகா ஆபீசில் ரேஞ்சர் எழுதிக்கொண்டார். எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது. எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. கடைசியில், தலையைத் தூக்காமலே, "காட்டுப் பறவைதான?" என்றார். ஒரு தலையாட்டல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு மாடுகூட ஆட்டும்.

"இல்ல சார். வளத்தது."

நான் அவள் தொடையில் கிள்ளினேன். கிள்ளின இடத்தைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். "காட்டுப் பறவைன்னு எழுதுனீங்கன்னா, காயம் இல்லன்னு நாளைக்கே பறக்க விட்டுருவீங்க சார். விட்டா இது செத்துரும். எறகு பூரா விழுந்து புதுசா மொளைக்கணும். எரை பிடிக்கப் பழகணும். அதுவரைக்கும் வச்சிருக்கணும். அதுக்குத்தான் சொல்றேன்."

"யாரு வளத்தது?"

"அத நான் பாக்கல சார். பாக்காதத நான் சொல்ல மாட்டேன்."

என்ன பெரிய உபகாரம்! ரேஞ்சர் என்ன முட்டாளா? கும்பாபிஷேக நோட்டீஸ் அவர் ஆபீஸ் சுவரிலேயே ஒட்டியிருந்தது. கமிட்டித் தலைவர் பேர் சாமி பேரைவிடப் பெரிசாக இருந்தது. மறுநாள் கொழுந்தனைக் கூப்பிட்டுவிட்டார்கள். கேஸ், அபராதம், அலைச்சல். கமிட்டியிலிருந்து விலகச் சொல்லிவிட்டார்கள். அவர் என் வீட்டுக்கு வருவதை விட்டார். வழியில் கண்டாலும் மாட்டைப் பார்த்துக்கொண்டு போவார்.

அன்றைக்கு ஆபீசிலிருந்து திரும்பினதும் அவளிடம் சொன்னேன், "இனிமே என் வீட்டுப் படி ஏறாதீங்க."

"சரிக்கா" என்றாள். பையைக் கட்டிக்கொண்டு போனாள்.

எங்கள் பக்கத்தில் சண்டை போட்டால் ஒரு முறை உண்டு. நாலு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்போம். அப்புறம் ஒருத்தி ஒரு கை அவரைக்காயோ கீரையோ எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நிற்பாள். மற்றவள் வாங்கிக்கொள்வாள். படி ஏறாதே என்றால் எங்கள் ஊரில் அதுதான் அர்த்தம். இவளுக்கு என்ன அர்த்தம்? அடுத்த பருவம் வந்தாள். மேலத் தெருவில் வேறொருத்தர் வீட்டில் அறை எடுத்தாள். தினமும் வெள்ளனே என் வாசல் வழியாகத்தான் பாறைக்குப் போவாள். நின்று, "நல்லாருக்கீங்களாக்கா?" என்பாள். படியில் கால் வைக்க மாட்டாள். நான் வரக்காப்பியைக் கூடவே ஒரு டம்ளர் போட்டு, ஆறவிட்டு, மாட்டுத் தொட்டியில் ஊற்றுவேன். சொன்ன சொல்லை அப்படியேவா ஒரு மனுசி எடுத்துக்கொள்வது?

அவள் கடைசியாக வந்த பருவத்தில் ஒருநாள் கையில் ஒரு பெரிய உறையோடு வாசலில் வந்து நின்றாள். கேமரா இல்லை.

"அக்கா, கருடன் எறகு மொளச்சு, எரை பிடிச்சுப் பழகி, கீழ அணைக்கட்டுப் பக்கம் விட்டுட்டாங்க. நான் போயிப் பல நாளு அங்கயே உக்காந்து பாத்தேன். இதப் பாருங்க."

"அங்க நின்னு காட்டுனா எனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கண்ணு எப்படின்னு தெரியாதா?"

"படி ஏற வேணாம்னு சொன்னீங்க."

"ஏறித் தொலைங்க!"

ஏறி வந்தாள். உறையைப் பிரித்தாள். தண்ணீருக்கு மேலே ஒரு கருடன். நகத்தில் மீன். இறக்கை இரண்டு பக்கமும் வாள் மாதிரி. நெஞ்சு அப்போதுதான் சலவைக்குப் போட்டு எடுத்த வேட்டி மாதிரி வெளுத்திருந்தது. எங்களைப் பார்க்கவில்லை. எந்தக் கையையும் பார்க்கவில்லை. போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நம்ம கருடன்" என்றேன்.

அவள் காலி உறையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இது நம்ம கருடன்தான?"

"தெரியலக்கா."

"எப்படித் தெரியாம? வால் நுனி, எறகு, கணுக்காலு, எல்லாம் படிச்சுப் படிச்சுச் சொல்லுவீங்களே!"

"அது எதுவும் இதுல இல்லயேக்கா. வாலு முழுசா இருக்கு, எறகு முழுசா இருக்கு, கால்ல தழும்பு இல்ல. அங்க இன்னும் நாலஞ்சு கருடன் சுத்துது. நம்மதாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காட்டுப் பறவை. அத மட்டும் உறுதியாச் சொல்வேன்."

"ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா ஒங்களுக்கு என்ன தேஞ்சு போகுது?"

யோசித்தாள். நிசமாகவே யோசித்தாள். அப்புறம் தலையை இல்லை என்று ஆட்டினாள். நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை எல்லாம் சத்தமாக எடுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு முட்டி போய்விட்டது. மலை ஏறுவதில்லை. போனில் பேசுவாள், அங்கே வானம் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். நல்லா இருக்கு என்றால் போதாது, மேற்கே எப்படி, கிழக்கே எப்படி என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

படத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். போன மாசம், விடிந்ததும் விடியாததுமாக, கொழுந்தன் வந்தார். அத்தனை வருசத்துக்குப் பிறகு. கையில் ஒரு கட்டு கீரை. நான் வாங்கிக்கொண்டேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. படத்துக்கு முன்னால் போய் நின்றார். தோள்துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"மதினி, இது அதுதானா? பொழச்சுக்கிருச்சா?"

இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. ஆமாம் தம்பி, நம்ம கருடன்தான், நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தெரியல தம்பி" என்றேன். "காட்டுப் பறவை. அது மட்டும் உறுதி."

அந்தப் பொம்பளையை என்ன செய்தால் தகும்?

கொழுந்தன் சுருட்டின துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் உட்கார்ந்து, காபி இருக்கிறதா என்று கேட்டார்.